விழத் தெரிந்தவர்கள்

ஜெபத்தில் ஆவி இறங்கி விழுகிறவர்கள் யாரும் தலையை இடித்துக்கொண்டதில்லை. கார்குழலி இதைப் பாவாடை கட்டிய வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்டர் வீட்டுப் பிள்ளை இப்படியெல்லாம் பேசினால் சோறு கிடைக்காது.

முத்தியால்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கு மேலே இருந்தது அவர்கள் சபை. தகரக் கூரை போட்ட வாடகைக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஓரத்தில் கீபோர்டு, மேடைக்கு இரண்டு பக்கமும் இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டிகள். பாஸ்டர் இராமதாஸ், அவள் அப்பா. ஜெபம் சூடேறும்போது அவர் நெற்றியில் கை வைத்தால் பெண்கள் மல்லாக்கச் சாய்வார்கள். பின்னால் நின்று பிடிக்கிற வேலை கருவாட்டுக்கடை ராஜாம்பாளுக்கு. எவ்வளவு கனத்த பொம்பளையானாலும் தாங்கிப் பிடித்துப் பூப்போலக் கிடத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கிடத்தியதும் புடவை விலகிய காலை மறைக்க ஒரு நீலத் துணி போர்த்த வேண்டும். அது கார்குழலியின் வேலை. போர்த்துவது, பிறகு பொறுக்கி எடுத்துத் துவைப்பது, மடித்து வைப்பது. பி.எஸ்சி. முடித்து, தவளக்குப்பத்தில் ரத்தம் பரிசோதிக்கிற லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த வேலை அவளை விட்டுப் போகவில்லை.

விழுந்தவர்களை யாரும் தொடக் கூடாது. சபையில் அதுதான் பெரிய சட்டம். "கர்த்தர் உள்ள ஆப்ரேசன் பண்ணிட்டு இருக்காரு. நடுவுல நீ கைய வச்சா எவ பொறுப்பு?" என்பாள் ராஜாம்பாள். அவர்களாக எழுந்திருக்கும்வரை விட்டுவிட வேண்டும். மாமியாருக்குக் கால் அமுக்கி, புருஷனிடம் உதை வாங்கி வருகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கிடப்பார்கள். கார்குழலி அதைக் குறையாக நினைத்ததில்லை. பட்டப்பகலில் ஒரு பொம்பளை நாலு பேர் எதிரில் கண்ணை மூடிப் படுக்க இந்த ஊரில் வேறு என்ன வழி இருக்கிறது? ஆனால் விழுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் ஓரக்கண்ணால் பின்னால் பார்ப்பாள், ராஜாம்பாள் நிற்கிறாளா என்று. அதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள்.

அந்தக் கூடத்தில் ஒருத்தி மட்டும் விழுந்ததே இல்லை. கார்குழலியின் அம்மா தையல்நாயகி. அவளுக்கு விழ நேரமில்லை.

இராமதாஸ் பஞ்சாலைத் தொழிலாளி. சங்கத்தில் கொடி பிடித்துத் தமிழ் பேசித் திரிந்த காலத்தில்தான் மகளுக்குக் கார்குழலி என்று பெயர் வைத்தார். மில் மூடியதும் சாராயம் வந்தது, சாராயம் ஆளைத் தின்று பாதி முடித்தபோது கர்த்தர் வந்தார். இராமதாஸை மாற்றிய கர்த்தரால் அவருக்குள் இருந்த மில்லை மாற்ற முடியவில்லை. ஊழியத்தையும் அவர் மூன்று ஷிப்டாகத்தான் ஓட்டினார். விடியற்காலையில் ஜெபம், பகலில் வீடு சந்திப்பு, பொழுது போனபின் வீட்டுக் கூட்டம். பிரசங்கம் அவருடையது, மீதி எல்லாம் பாஸ்டரம்மாவுடையது. ஓடிப்போன பெண்ணைத் தேடிப் போவது, குடித்துவிட்டு விழுந்தவனைத் தூக்கி வருவது, பிரசவத்துக்குத் துணை போவது, பிணத்துக்குப் பக்கத்தில் உட்காருவது. பாரீசில் குடியேறிவிட்ட சபைக்காரர்களின் பிள்ளைகள் அங்கே வேலை முடிந்து, சாப்பிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து ஜெபத்துக்குப் போன் போடுவார்கள். இங்கே அப்போது ஊரே அடங்கியிருக்கும். தையல்நாயகி பாயில் எழுந்து உட்கார்ந்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, அவர்களுடைய முழங்கால் வலிக்காகக் கண்ணீர் விடுவாள்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், பட்டினி கிடந்தால் ஒருநாள் மயங்கி அப்படியே போய்விடுவீர்கள் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். தையல்நாயகி பணிவாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். உபவாச நாளன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றை விட்டாள். மாத்திரை டாக்டருக்கு, பட்டினி கர்த்தருக்கு. இரண்டு பேர் மனமும் நோகக் கூடாது என்பது அவள் நியாயம்.

ஒருநாள் சமையற்கட்டு வாசலில் கார்குழலி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மில்லுல வாரத்துக்கு ஒரு நாள் லீவு இருந்துச்சா இல்லியாப்பா?"

"இருந்துச்சு."

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"சங்கம்." சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அப்ப அம்மாவுக்கு எந்தச் சங்கம்?"

"இன்னாடி பேசுற? அது மொதலாளி மில்லு. இது கர்த்தர் வேலை."

"ஏழாம் நாளு கர்த்தரே லீவு போட்டாரு."

"அவருக்கு வேலை முடிஞ்சிடுச்சு, போட்டாரு. நமக்கு முடிஞ்சுதா?"

தையல்நாயகி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறீங்க? எனக்கு இன்னா கொறை. நல்லாதான் இருக்கேன்" என்றாள். சொல்லிக்கொண்டே தோலைச் சட்டியிலும் உரித்த வெங்காயத்தைக் குப்பை முறத்திலும் போட்டாள். அடுத்ததையும் அப்படியே போட்டாள்.

இராமதாஸ் அதைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் அறிவித்தார். இனி திங்கட்கிழமை பாஸ்டரம்மாவுக்கு ஓய்வு நாள், யாரும் வீட்டுக்கு வரக் கூடாது, போனும் செய்யக் கூடாது. சபை ஒரே குரலில் ஆமென் சொன்னது. பாஸ்டரம்மாவின் உழைப்பை நினைத்துச் சிலர் மூக்கைச் சிந்தினார்கள்.

திங்கட்கிழமை முதலில் வந்தவள் சரிதா. "அம்மா ஓய்வுல இருக்காங்கன்னு தெரியும். அதான், கூட்டம் இருக்காது, நிதானமா பேசலாமேன்னு வந்தேன்" என்றாள். புருஷன் குடியைப் பற்றி அவள் நிதானமாகப் பேசி முடிப்பதற்குள், ஓய்வில் இருப்பவர் எப்படிச் சமைப்பார் என்று கவலைப்பட்ட இன்னொருத்தி மீன்குழம்போடு வந்தாள். குழம்பு இறங்கிவிட்டது, அவள் இறங்கவில்லை. மத்தியானத்துக்கு மேல், யாராவது வந்து தொந்தரவு செய்கிறார்களா என்று பார்க்க ராஜாம்பாள் வந்தாள். செய்கிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, அவர்களைப் பற்றிப் புகார் சொல்லப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தையல்நாயகி எல்லோருக்கும் டீ போட்டாள். லேபிலிருந்து வந்த கார்குழலி, கழுவாத டம்ளர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விட்டுருடி. எங்கதான் போவும் அதுங்க" என்றாள் அம்மா.

அந்த வருஷ நடுவில் மூன்று வாரம் விடாமல் உபவாசக் கூட்டம் நடந்தது. கடைசி நாள் தையல்நாயகி மேடைக்குக் கீழே மைக்கைப் பிடித்துப் பாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவே அவள் நாக்கு குழறியது. ஆவி பேசவைக்கிற அந்நிய பாஷை என்று சபை கை உயர்த்தியது. முகம் வேர்த்துக் கொட்டியது. அக்கினி இறங்குகிறது என்றார்கள். கை நடுங்கியது. வல்லமை என்றார்கள். துணிகளை இடுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்த கார்குழலி அவற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் இரண்டு நாற்காலியைத் தாண்டுவதற்குள் அம்மா விழுந்தாள்.

அவள் பின்னால் பார்த்துக்கொள்ளவில்லை. ராஜாம்பாள் அந்தப் பக்கம் வேறு யாரையோ பிடித்துக்கொண்டிருந்தாள். தையல்நாயகியின் தலை ஸ்பீக்கர் பெட்டியின் மூலையில் இடித்த சத்தம், அவள் கையிலிருந்த மைக் வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது.

கூடத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் பாஸ்டரம்மா விழுவது இதுதான் முதல் தடவை. கீபோர்டுக்காரன் தாளத்தை ஏற்றினான். பெண்கள் கைகொட்டி அழுதார்கள். இராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தார். ஓடிவந்த கார்குழலியை ராஜாம்பாள் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடு அத்தே. சக்கரை எறங்கிடுச்சு."

"சக்கரையாவது கிக்கரையாவது. ஆவியோட அபிஷேகம்டி. போர்த்து, தொடாத."

"தலை அடிபட்டிருக்குது, விடு."

"கர்த்தர் தள்ளுனா கர்த்தர் பாத்துப்பாரு."

கார்குழலி அவள் கையைக் கடித்தாள். நெத்திலிக் கருவாட்டு வாடையோடு தோல் பல்லில் பிரிந்தது. ராஜாம்பாள் அலறிக்கொண்டு பிடியை விட்ட நேரத்தில் அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். முடிக்குள்ளிருந்து வழிந்த ரத்தம் அவள் சுடிதாரில் பரவியது. அப்போதுதான் இராமதாஸ் கண்ணைத் திறந்தார். மில்லில் கை போனவர்களையும் விரல் போனவர்களையும் தூக்கி ஓடியவர் அவர். ரத்தம் அவருக்குப் புரிகிற பாஷை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் விட்டிருந்தால் பிணத்தைத்தான் தூக்கி வந்திருப்பீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் பெண் கத்தினாள். இராமதாஸ் சுவரைப் பார்த்து நின்றார். கார்குழலிக்கு அப்பாவைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அந்தப் பாவம் மறுநாள் மாலை பார்வையாளர் நேரம்வரை தாங்கியது. சபை மொத்தமும் வார்டுக்கு வந்தது. ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள், கட்டில் ஓரத்தில் வரிசையில் நின்றார்கள். நோயாளிக்காக ஜெபிக்க அல்ல, நோயாளியிடம் ஜெபம் வாங்க. தையல்நாயகி ஊசி குத்திய கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மறு கையை ஒவ்வொரு தலையிலும் வைத்தாள்.

"இது வார்டா, சர்ச்சா?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

"கோவிச்சுக்காத பாப்பா. கடைசி ஆளு, முடிஞ்சுது" என்றாள் தையல்நாயகி. பிறகு நர்ஸின் முகத்தைப் பார்த்து, "உனுக்கு இன்னாம்மா கஷ்டம்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை கார்குழலி லேபுக்கு லீவு போட்டாள். அம்மா சாப்பிட்டுவிட்டுப் பாயில் கண்ணயர்ந்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சரிதா. பின்னால் இன்னும் இரண்டு பேர்.

இன்று போகச் சொன்னால் நாளைக்கு வருவார்கள். டாக்டர் சொன்னார் என்றால் டாக்டரைவிடக் கர்த்தர் பெரியவர் என்பார்கள். தூங்குகிறாள் என்றால் எழுந்திருக்கட்டும் என்று உட்காருவார்கள். இந்த ஜென்மங்களிடம் எந்த வார்த்தை எடுபடும் என்று யோசித்தபடி நின்றவளின் கண்ணில், துவைத்து மடித்து வைத்திருந்த நீலத் துணிகள் பட்டன. ஒன்றை உதறி அம்மாவைக் கால் முதல் தலைவரை போர்த்தினாள். குறட்டை முகம் தெரியக் கூடாதே. கதவைப் பாதி திறந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"அம்மா எங்க?" என்றாள் சரிதா.

"உள்ள. அபிஷேகத்துல கெடக்காங்க. காலையில ஜெபத்துல விழுந்தவங்க, இன்னும் எழுந்திருக்கல. தொடக் கூடாது."

சரிதா எட்டிப் பார்த்தாள். நீலத் துணி மேலும் கீழும் மெல்ல ஏறி இறங்கியது. அவள் முகத்தில் இருந்த புருஷன், குடி, நகைக்கடன் எல்லாம் ஒரு நொடியில் துடைத்ததுபோல் போயின. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து தெருவுக்குப் போனாள். மற்ற இரண்டு பேரும் அப்படியே போனார்கள்.

தையல்நாயகி விளக்கு வைக்கிற நேரம்வரை தூங்கினாள். எழுந்தவளுக்கு எந்த வேளை என்றே தெரியவில்லை.

"ஒருத்தரும் வரலியாடி?"

"வந்தாங்க, போய்ட்டாங்க." கார்குழலி நடந்ததைச் சொன்னாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிறகு பயந்துபோய், "பாவம்டி அது" என்றாள்.

"எது? நீ தூங்குனதா?"

"பொய் சொன்னது."

"சபையில விழுறவளுங்க எல்லாம் நெசமாவா விழுறாளுங்க? கெடக்கட்டும், சாப்பிடு."

ரசமும் சுட்ட அப்பளமும் வைத்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அம்மாவின் முகம் தூங்கி எழுந்த குழந்தை முகம்போல உப்பியிருந்தது. கார்குழலிக்குத் தன் படிப்பைவிட அந்தப் பொய் பெரிய சாதனையாகப் பட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த திங்களுக்கு லேபுக்கு லீவுகூடப் போடவில்லை. துணியை எடுத்து வைத்துவிட்டு, "ஆளு வந்தா போர்த்திக்கினு படுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மாலையில் திரும்பி வந்தால் வாசலில் ராஜாம்பாள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கடிபட்ட கையில் கட்டு. யாரும் அம்மாவைத் தொட்டுவிடாமல் காவல். அதற்கடுத்த திங்கள் காவலுக்கு நாலு பேர், மெல்லிய குரலில் பாட்டு. பிறகு கைக்குட்டைகளைக் கொண்டுவந்து அம்மாவின் கால்மாட்டில் வைத்து எடுத்துப் போனார்கள். யாருக்கோ காய்ச்சல் இறங்கியது. யாருக்கோ பாரீசுக்கு விசா வந்தது. அம்மா கண்ணைத் திறந்ததும் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், "என்னம்மா தரிசனம் கண்டீங்க?" என்று கேட்டார்கள். முதல் தடவை ஒன்றுமில்லை என்றாள். அவர்கள் முகம் வாடியதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த தடவை, வெள்ளையாக ஏதோ தெரிந்தது என்றாள்.

இராமதாஸ் கூட்டத்தைப் பார்த்தார். வீட்டில் இடம் போதவில்லை. திங்கட்கிழமைக் காத்திருப்புக் கூட்டம் என்று பெயர் வைத்து, சபையின் மாடிக் கூடத்துக்கு மாற்றினார். சபைப் பெண்கள் சேர்ந்து, ஜரிகைக் கரை வைத்த பெரிய வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்கள். பிணத்துக்குப் போர்த்துகிற துணி இதைவிடச் சின்னதாக இருக்கும் என்று கார்குழலி நினைத்தாள்.

"அம்மா, வேணாம். அன்னிக்கி நான் சும்மா சொன்னது. நீ தூங்கறதுக்காகச் சொன்னது."

"நான் இன்னா அங்க போய் மூட்டையா தூக்கப் போறேன்? படுத்துக்கினுதான இருக்கப் போறேன்."

"அங்க தூங்க முடியுமா?"

தையல்நாயகி கொஞ்சம் யோசித்தாள். "பாட்டுச் சத்தத்துல எங்க தூங்கறது. அசையாம கெடக்கணும். மூக்கு அரிச்சா சொறிய முடியாது. அதோட வெறும் வயித்துலதான் படுக்கணும், அபிஷேகம்னா சும்மாவா?"

"மாத்திரை?"

"அதை வுடுவேனா? தவறாம போட்டுக்கிறேன்."

கார்குழலி அன்றிலிருந்து குளுக்கோஸ் பொடிப் பொட்டலம் ஒன்றைச் சுடிதார் பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். திங்கட்கிழமைகளில் விடியற்காலை அம்மா வாயில் பலவந்தமாக இரண்டு இட்லியைத் திணித்துவிட்டுத்தான் லேபுக்குப் போனாள். ஒரு திங்கள் அப்பா ஹாலைப் பெருக்க வேண்டுமென்று அம்மாவை அவளுக்கு முன்னாலேயே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இட்லி மூடியபடியே இருந்தது. மாத்திரை அட்டையில் அன்றைய மாத்திரை இல்லை. தவளக்குப்பம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுச் சபைக்கு ஓடினாள்.

மாடிப்படிவரை ஆள் நின்றது. இடித்துக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தின் நடுவே வெள்ளைத் துணிக்குக் கீழே அம்மா கிடந்தாள். துணி நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. வெளியே நீட்டியிருந்த கையின் கட்டைவிரல் வெட்டி வெட்டி இழுத்தது. அதைப் பார்த்துத்தான் முன்வரிசைப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"தள்ளுங்க. அம்மாவுக்கு மயக்கம். தள்ளுங்க."

ராஜாம்பாள் குறுக்கே வந்தாள். "தொடாத."

"அத்தே, கால்ல விழறேன். சக்கரை எறங்கிடுச்சு."

"நீதான சொன்ன? அபிஷேகத்துல கெடக்காங்க, தொடக் கூடாதுன்னு உன் வாயாலதான சொன்ன? அன்னிக்கி சரிதா உன் பேச்சைக் கேட்டா, இன்னிக்கி நீ கேளு."

"பொய் சொன்னேன்." கார்குழலி கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "அவங்க தூங்கிட்டு இருந்தாங்க. உங்க தொல்லை தாங்காம போர்த்தி வச்சேன். ஒரு அபிஷேகமும் இல்ல. எல்லாம் பொய்."

பாட்டு நின்றது. இராமதாஸ் மகளைப் பார்த்தார். தரையில் கிடந்த மனைவியைப் பார்த்தார். ரத்தம் எதுவும் தெரியவில்லை. படிவரை நின்ற ஜனங்களைப் பார்த்தார். மில் கேட்டுக்கு எதிரில் நின்று பேசிய நாட்களுக்குப் பிறகு இவ்வளவு பேர் அவர் முகத்தைப் பார்த்து நின்றதில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"சத்துருவாகிய பிசாசு இந்தப் பிள்ளையோட வாயைப் பிடிச்சிருக்கான். சபையே, கையை நீட்டுங்க."

நாலாபக்கமிருந்தும் கைகள் வந்தன. தலையில், தோளில், முதுகில், தாடையில். போ, வெளியே போ என்று காதுக்குள் கத்தினார்கள். யாருடைய எச்சிலோ முகத்தில் தெறித்தது. கார்குழலி முண்டினாள். முண்ட முண்டப் பிடி இறுகியது. கைகளின் இடுக்கில் அம்மாவின் கட்டைவிரல் தெரிந்தது. அது இழுப்பதை நிறுத்தியிருந்தது.

அவள் முண்டுவதை நிறுத்தினாள். பிடித்து உலுக்குகிறவர்களோடு சேர்ந்து ஒரு தப்படி பின்னால் போனாள், இன்னொரு தப்படி அம்மா பக்கமாக. ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தாள். ராஜாம்பாள் நின்றாள். முட்டியைத் தளர்த்தி, தாடையை மார்போடு சேர்த்து, கண்ணை மூடி, கார்குழலி விழுந்தாள்.

கடித்த தழும்புள்ள அந்தக் கை அவளைத் தாங்கிப் பிடித்தது. பூப்போலக் கிடத்தியது. சட்டென்று எல்லாக் கைகளும் விலகின. "தொடாதீங்க, தொடாதீங்க" என்று ராஜாம்பாளின் குரல் தழுதழுத்தது. துணி போர்த்துகிறவளே விழுந்துவிட்டதால் வேறு துணி எடுக்க யாருமில்லை. ராஜாம்பாள் அந்த வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தூக்கி, தாயோடு சேர்த்து மகளையும் தலைவரை மூடினாள். கீபோர்டு ஆரம்பித்தது.

துணிக்குள் வெளிச்சம் பால்போல இருந்தது. அம்மாவின் முகம் மெழுகாகிக் கிடந்தது. கார்குழலி பையிலிருந்த பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள். பொடியை எச்சிலில் குழைத்து, இறுகிய பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலால் தேய்த்தாள். மறுபடி குழைத்தாள், மறுபடி தேய்த்தாள். வெளியே ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. அதுவும் முடிகிற நேரத்தில் அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு நாக்கு அசைந்து அவள் விரலைத் தேடியது.

"குழலி."

"ம்."

"எங்க இருக்கோம்?"

"ஹால்ல. கொஞ்சம் தெம்பு வந்ததும் எழுந்துரு. நேரா படியிறங்கிப் போயிடலாம். இனிமே இங்க வேணாம்மா. நான் சம்பாதிக்கிறேன், தனியா வீடு பாக்கலாம்."

தையல்நாயகி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. "ஆளு நெறைய வந்திருக்குதா?"

"படி வரைக்கும்."

"நீ எப்படி இங்க?"

"விழுந்தேன்."

அம்மாவின் கண்ணில் மெல்ல ஒரு நிம்மதி வந்தது. கார்குழலி அம்மாவிடம் வருஷக்கணக்காகப் பார்க்க ஏங்கிய நிம்மதி. வேர்த்த கையால் மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"நல்லதாப் போச்சுடி. ரெண்டு பேரா இருந்தா மாத்திக்கலாம். ஒரு வாரம் நீ படு, ஒரு வாரம் நான் படுக்கறேன். எனக்கும் கொஞ்சம் லேசா இருக்கும்."

சொல்லிவிட்டுத் தையல்நாயகி துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். கூடம் அலறியது. யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். கூட்டத்தின் முகத்தைப் பார்த்தாள், எல்லாம் அவளுக்காக வாய் திறந்து காத்திருந்த முகங்கள். அவள் உதட்டை நக்கினாள்.

"என் நாக்குல கர்த்தர் தித்திப்பு வச்சாரு" என்றாள். "இன்னும் இருக்குது. வாயெல்லாம் இனிக்குது."

தகரக் கூரை அதிர்ந்தது. இராமதாஸ் விம்மி அழுதுகொண்டு, அடுத்த திங்கள் முதல் தாயும் மகளும் என்று அறிவித்தார்.

கார்குழலி துணிக்குள்ளேயே கிடந்தாள். விரலில் பிசுபிசுப்பு காய்ந்து தோலை இழுத்தது. விலகியிருந்த துணியை ராஜாம்பாள் கவனமாக இழுத்து, அவள் கால் தெரியாமல் சுற்றிலும் செருகிவிட்டாள். யாரும் தொடவில்லை. எழுந்தால் அடுத்த மைக் அவளுக்கு.

அவள் எழவில்லை.